வேனிலும் தனியாளும்

சித்திரை பிறந்து கத்திரி வெயில் தொடங்குவதற்குள் திருவல்லிக்கேணியின் மேன்ஷன்கள் பாதி காலியாகிவிடும். ஊரில் கோயில் கொடை, தங்கை மகளுக்குக் காதுகுத்து, மாமன் தோப்பில் மாம்பழம் என்று ஒவ்வொருவரையும் ஏதேனும் ஒரு காரணம் வந்து இழுத்துக்கொண்டு போகும். எஞ்சியிருப்பவர்கள் மூன்று வகையினர். போக ஊர் இல்லாதவர்கள், விடுப்புக் கிடைக்காதவர்கள், ஊரும் விடுப்பும் இருந்தும் போக மனமில்லாதவர்கள். நாம் மூன்றாம் வகை. ஊருக்குப் போனால் முதல் நாள் விசாரிப்பு, இரண்டாம் நாள் அறிவுரை, மூன்றாம் நாள் இரக்கம். ஐம்பதைத் தாண்டிய, மணமாகாத ஆணுக்கு அந்த மூன்றாம் நாள்தான் தாங்க முடியாதது. ஆகவே 23 கோடைகளாக இதே மூன்றாம் மாடியில், இதே மின்விசிறிக்குக் கீழே, மேல்தளத்தின் சூடு இரவிலும் இறங்கிவருவதைப் பார்த்துக்கொண்டு இருந்துவருகிறோம்.

ஒற்றை ஆள் ‘நாம்’ என்று எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். பழைய பத்திராதிபர்களின் வழக்கம் அது. அறையில் ஒருவர், எழுத்தில் பலர். அந்தப் பன்மையில் நமக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதைக் கட்டுரையின் போக்கில் சொல்லிவிடுகிறோம்.

தனியாளைப் பற்றி நம் சமூகம் நான்கு தீர்ப்புகளை வைத்திருக்கிறது. அவனுக்குப் பொழுதுபோக்கு ஏராளம். அழகைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. காதல் அவனுக்குக் கிடைக்கவில்லை. நட்பு மட்டும் வேண்டுமளவு கிடைத்திருக்கிறது. இந்த நான்கும் பிழையானவை என்பதே நம் கட்சி. முதல் மூன்று பிழைகளால் பெரிய சேதமில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். நான்காவது பிழை உயிரைத் தொடுவது. அதற்காகவே இதை எழுத நேர்ந்தது.

பொழுதுபோக்கிலிருந்து தொடங்குவோம். ‘உங்களுக்கென்ன, பொழுது முழுக்க உங்களுடையது’ என்று அலுவலகத்தில் சொல்வார்கள். சொன்ன கையோடு மே மாத விடுப்புப் பட்டியலில் குடும்பஸ்தர்களின் பெயர்களை எழுதிவிட்டு, பண்டிகை நாள் பணிக்கு நம் பெயரைப் போடுவார்கள். நம் பொழுது நம்முடையது என்பதால்தான் அதை யாரும் கேட்காமலே எடுத்துக்கொள்ள முடிகிறது போலும். பொழுதுபோக்கு என்ற சொல்லிலேயே பொழுதை ஓர் எதிரியாக எண்ணி விரட்டும் தொனி இருக்கிறது. தனியாளுக்குப் பொழுது எதிரியன்று. அறையில் அவனோடு தங்கியிருக்கும் இன்னொருவர் அது. அவரை விரட்டிவிட்டால் பேச்சுக்கு வேறு ஆளில்லை.

மணமானவர்களுக்கு வீட்டில் கூடம் என்று ஒன்று உண்டு. வந்தவரை உட்காரவைக்கவும், சண்டை போடவும், ஒன்றும் செய்யாமல் சாய்ந்திருக்கவும் ஆன இடம். எட்டடிக்குப் பத்தடி அறையில் குடியிருப்பவனுக்குக் கூடம் ஏது? நமக்குக் கடற்கரைதான் கூடம். 1884இல் சென்னை ஆளுநர் கிராண்ட் டஃப் கடலோரத்தில் நடைபாதை அமைத்து அதற்கு மெரினா என்று பெயரிட்டபோது, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சில்லறைச் சம்பளக்காரர்கள் அதைத் தம் வீட்டு முன்னறையாகப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று எண்ணியிருக்கமாட்டார். 2020 மார்ச்சில் ஊரடங்கின் பொருட்டு மெரினா மூடப்பட்டது. மீண்டும் திறக்கப்பட்டது டிசம்பரில். அந்த ஒன்பது மாதங்களும் நகரத்தின் பிற மக்களுக்கு ஓர் உல்லாச இடம் இல்லாமற்போயிற்று. எம்மைப் போன்றோருக்கோ வீட்டில் ஓர் அறை பூட்டப்பட்டுக் கிடந்தது. பூங்கா, கடற்கரை, நூலகம், நடைபாதைப் பழைய புத்தகக் கடை ஆகியவற்றை நகரத்தின் அலங்காரங்கள் என்று திட்டமிடுவோர் கருதுகிறார்கள். தனியாகக் குடியிருக்கும் பல்லாயிரம் பேருக்கு அவை குடியிருப்பின் பகுதிகள். அவற்றில் ஒன்றைக் குறைக்கும்போது யாருடைய வீட்டுச் சுவரோ இடிக்கப்படுகிறது.

மொட்டை மாடியும் எமக்கு ஓர் அரங்கம். ஏப்ரல், மே மாதங்களில் சேப்பாக்கம் மைதானத்தில் இரவு ஆட்டம் நடக்கும்போது அனுமதிச் சீட்டுக்குப் பணமில்லாத நாங்கள் பாயை விரித்துக்கொண்டு ஒலியைக் கேட்டோம். பந்து எல்லையைக் கடந்தால் ஓர் இரைச்சல், ஆறு என்றால் வேறோர் இரைச்சல். உள்ளூர் அணியின் விக்கெட் விழுந்தால் மைதானம் இருக்குமிடமே தெரியாத அமைதி. கண்ணால் பார்த்தவர்களைவிடக் காதால் பார்த்தவர்கள் நன்றாகவே விளையாடினோம். இன்றும் மாடியில் பாய்கள் விரிகின்றன. பத்துப் பேர் படுத்திருந்தால் பத்துக் கைப்பேசிகள் ஒளிர்கின்றன. அதே ஆட்டத்தைத்தான் பத்துப் பேரும் பார்க்கிறார்கள். ஆனால் ஒருவர் திரை சில நொடிகள் முந்துகிறது, இன்னொருவருடையது பிந்துகிறது. ஒரே சிக்ஸருக்குப் பத்து வேளைகளில் பத்துக் கூச்சல்கள். கருவியைப் பழிப்பது நம் நோக்கமன்று. அதே கருவிதான் நமக்கு ஒவ்வொரு மாலையும் ஒரு குரலைக் கொண்டுவந்து தருகிறது. ஆட்டம் ஒரு சாக்கு, சேர்ந்திருப்பதே விஷயம் என்பதை மறந்துவிட்டோம் என்று மட்டுமே சொல்ல வருகிறோம்.

அடுத்தது அழகு. வேனிலில் அழகு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் புங்கமரத்தைப் பார்க்காதவர்கள். வெயில் ஏற ஏறத்தான் அது தளிர்க்கும். சரக்கொன்றை தன் இலைகளை உதிர்த்துவிட்டு மஞ்சளாகத் தொங்குவதும் இப்போதுதான். மல்லிகைக்கும் இதுவே பருவம். மார்கழியில் விரல்நீளம் வாங்கத் தயங்குகிற விலையில் விற்ற பூ, சித்திரை வைகாசியில் கூடைகூடையாக வந்து குவியும்.

ஒரு மே மாத மாலையில் பார்த்தசாரதி கோயில் தெருவில் இரண்டு முழம் மல்லிகை வாங்கினோம். பூக்கார அம்மாள் நம்மைப் பல ஆண்டுகளாக அறிந்தவர். ‘ஊர்லேந்து யாராச்சும் வந்துகிறாங்களா சார்?’ என்று கேட்டார். இல்லை என்றோம். ‘அப்ப கோயிலுக்கா?’ என்றார். அதற்கும் இல்லை என்றதும் அவர் முகத்தில் வந்த குழப்பத்தை இன்றும் மறக்க முடியவில்லை. அறைக்கு வந்து எவர்சில்வர் தம்ளரில் நீரூற்றிப் பூவை அதில் போட்டுவைத்தோம். இரவில் மின்சாரம் நின்றபோது அந்த மணம் அறை முழுக்க இருந்தது. எதிரறைக்காரர் எட்டிப் பார்த்து, அவரும் அதே கேள்வியைக் கேட்டார், ‘யாருக்கு?’

நம் மக்கள் அழகுக்கு எப்போதும் ஒரு பெறுநரைத் தேடுகிறார்கள். ஒரு கூந்தலுக்கு, ஒரு தெய்வத்துக்கு, ஒரு பிணத்துக்கு என்று பூவுக்கு முகவரி இருந்தாக வேண்டும். முகவரியில்லாத அழகு ஊதாரித்தனம் என்றோ மனக்கோளாறு என்றோ எண்ணப்படுகிறது. தனியாள் நல்ல சட்டை அணிந்தால் பெண் பார்க்கப் போகிறான் என்பார்கள். அறையைத் துடைத்துவைத்தால் விருந்தினர் வருகிறாரா என்பார்கள். தன் பொருட்டு ஒருவன் தன் சுற்றத்தை அழகாக வைத்துக்கொள்ளக்கூடும் என்பது நம் கணக்கில் வருவதே இல்லை. அழகு முதலில் கவனிப்பவருக்குரியது, பிறகே அணிபவருக்குரியது என்று நினைக்கிறோம். புங்கந்தளிர் யாருக்கு என்று எவரும் கேட்பதில்லையே!

எங்கள் தெருவிலிருந்து கடலுக்கு நடக்கும் வழியில் ஐஸ் ஹவுஸ் இருக்கிறது. இன்று அது விவேகானந்தர் இல்லம். 1842இல் பிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வணிகர், தம் நாட்டு ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டி எடுத்துக் கப்பலில் அனுப்பிய பனிக்கட்டிகளைச் சேமிக்கக் கட்டிய கட்டடம் அது. மரத்தூளில் பொதியப்பட்டுக் கடல்களைக் கடந்து வந்த குளிர், சென்னையின் வெயிலில் விற்பனைக்கு இருந்தது. இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யும் முறை வந்ததும் அந்த வணிகம் நின்றது. 1897 பிப்ரவரியில் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் அங்கே தங்கினார். அதைப் பலரும் அறிவர். அதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, சகோதரி சுப்புலட்சுமி பேணிய இளம் விதவைகளின் விடுதி அந்தக் கட்டடத்தில் இயங்கியது என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அவரும் குழந்தைப் பருவத்திலேயே மணமாகிக் கணவனை இழந்தவர். அப்பெண்கள் படித்தார்கள், ஆசிரியைகள் ஆனார்கள்.

அவர்களின் தனிமையோடு நம் தனிமையை ஒப்பிடும் துணிச்சல் நமக்கில்லை. நம்முடையது பெருமளவு நாமே எடுத்துக்கொண்டது. அவர்களுடையது அவர்கள்மேல் சுமத்தப்பட்டது. பூவும் நிறமும் கூந்தலும் பறிக்கப்பட்டவர்கள் அவர்கள். பெறுநர் இல்லாத அழகு கூடாது என்ற விதியின் கொடிய வடிவம் அதுவே அல்லவா? கணவன் என்ற முகவரி அழிந்ததும் பூ மறுக்கப்பட்டது. பூக்கார அம்மாளின் கள்ளமற்ற கேள்விக்குள்ளும் அந்தப் பழைய விதியின் ஒரு துளி ஒளிந்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

காதலைப் பற்றிச் சொல்ல நமக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். தகுதி உண்டு. நமக்கும் ஒருவர் இருந்தார். அது நிறைவேறவில்லை. அதன் விவரங்கள் அவருக்கும் உரியவை என்பதால் இங்கே எழுதுவதற்கில்லை. ஆனால் ‘நிறைவேறுதல்’ என்ற சொல் நம்மை உறுத்துகிறது. மணத்தில் முடியாத காதல் தோற்ற காதல் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்? திரைப்படம் சொல்லிக்கொடுத்தது, குடும்பம் சொல்லிக்கொடுத்தது. நம் பழம்பாடல்கள் அப்படிச் சொல்லவில்லை.

அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் கொண்டவை அனைத்தும் பாலைத் திணை. அதாவது சரிபாதி, 200 பாடல்கள். பாலையின் உரிப்பொருள் பிரிவு. அதன் பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். காதலைப் பாட வந்த ஒரு தொகை நூல், தன்னில் பாதியைக் கோடைக்கும் நடுப்பகலுக்கும் பிரிந்திருப்பவர்களுக்கும் ஒதுக்கியிருக்கிறது. கூடியிருக்கும்போது காதல் பேசத் தேவையில்லை, பிரிந்திருக்கும்போதே அதற்கு மொழி தேவைப்படுகிறது என்று தொகுத்தவர்கள் அறிந்திருந்தார்கள் போலும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்து பாலையாகின்றன என்று இளங்கோவடிகள் காட்டுகிறார். பாலை தனியான ஒரு நிலமன்று, எல்லா நிலமும் ஒரு பருவத்தில் அடையும் நிலை.

தனியாளின் வாழ்வும் அப்படிப்பட்டதே என்று தோன்றுகிறது. மணமானவர்கள் ஒரு நாட்டிலும் நாம் வேறொரு நாட்டிலும் வாழ்வதாக இரு தரப்பினரும் எண்ணிக்கொள்கிறோம். துணையை இழந்த முதியவர், பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் எஞ்சிய தாய், கணவன் வளைகுடாவில் இருக்கும் பெண், நாலு பேர் உள்ள வீட்டில் நாற்பது நாள் பேச்சின்றி இருப்பவர் ஆகிய எல்லாரும் ஏதேனும் ஒரு கோடையில் எம் நிலத்துக்கு வந்துபோகிறவர்களே. ஆகவே தனியாளுக்கு என்ன நேர்கிறது என்பது தனியாளின் பிரச்சினை மட்டுமன்று.

இனி நட்பு. ‘உனக்கென்ன, நண்பர்கள் இருக்கிறார்களே’ என்பது தனியாளுக்குச் சொல்லப்படும் ஆறுதல். ஆறுதல் பரிசு என்றும் சொல்லலாம். அந்த நட்பு எங்கே வரைக்கும் வரும், எந்த வாசலில் தடுக்கப்படும் என்பதை நாம் 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் தெரிந்துகொண்டோம்.

பக்கத்து அறையில் ஓர் அண்ணாச்சி இருந்தார். தென்காசிப் பக்கத்துக் கிராமத்தவர், அச்சகங்களுக்கும் பதிப்பகங்களுக்கும் மெய்ப்புத் திருத்தியவர், நம்மைப் போலவே மணமாகாதவர். பதினாறு ஆண்டுகள் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டோம், ஒரே நாளிதழை இரண்டாகப் பிரித்துப் படித்தோம், ஒற்றுப்பிழைகளுக்காக மூன்று நாள் பேசாமலிருந்தோம். அன்று காலை ஒன்பது மணி இருக்கும். தேநீர் தம்ளர் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தவரின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சொல்ல வந்த சொல் வரவில்லை.

ஆட்டோவில் ஏற்றி ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தோம். பக்கவாதம் என்றார்கள். மூளையில் அடைத்திருக்கும் இரத்தக்கட்டியைக் கரைக்க மருந்து உண்டு, நோய் தொடங்கி நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும், மூளைக்குள் இரத்தம் கசியும் ஆபத்தும் உண்டு, ஆகவே உறவினர் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். படிவம் வந்தது. ‘நோயாளிக்கு என்ன உறவு’ என்ற கட்டத்தில் ‘நண்பர்’ என்று எழுதினோம். அதை வாங்கிப் பார்த்தவர் திருப்பிக் கொடுத்தார். ‘ஃப்ரெண்ட் எல்லாம் இதுல ஒத்துக்க மாட்டாங்க சார். வீட்டாளுங்க யாரும் இல்லையா?’ வீட்டார் அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார்கள். அழைத்தோம், அண்ணாச்சியின் தம்பி எடுக்கவில்லை. வயலில் இருந்திருக்கிறார். பத்தே முக்கால் ஆகியிருந்தது.

அந்த ஊழியர் கொடியவர் அல்லர். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், ‘தம்பின்னு எழுதிக் குடுங்க’ என்றார். ‘நண்பர்’ என்பதை அடித்துவிட்டுத் ‘தம்பி’ என்று எழுதிக் கையொப்பமிட்டோம். அண்ணாச்சி என்று பதினாறு ஆண்டுகள் அழைத்தவருக்குத் தம்பி என்று எழுதியது பொய்யா, மெய்யா? இன்றுவரை நமக்கு விடை தெரியவில்லை. கை நடுங்கியது மட்டும் நினைவிருக்கிறது. பொய் சொன்னதற்காக அல்ல, மருந்து எதிர்மாறாக வேலை செய்துவிட்டால் எந்த உரிமையில் இந்தக் கையொப்பத்தை இட்டோம் என்ற கேள்விக்காக.

மறுநாள் காலை பொதிகை ரயிலில் தம்பி வந்து சேர்ந்தார். நடந்ததைச் சொல்லி, உங்கள் இடத்தில் நம் பெயரை எழுதிவிட்டோம் என்று வருந்தினோம். அவர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். ‘எழுதுனது சரிதான்’ என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அண்ணாச்சி பிழைத்தார். வலக்கை முழுதும் திரும்பவில்லை, பேச்சு முக்கால்வாசி திரும்பியது. மூன்று வாரங்களில் தம்பி அவரை ஊருக்கு அழைத்துப் போய்விட்டார். அதுதான் முறை, நாமும் தடுக்கவில்லை. தடுக்க எமக்கு இடமும் இல்லை. பக்கத்து அறைக்கு ஓர் இளைஞர் குடிவந்தார்.

அந்தக் கோடையில்தான் திருக்குறளின் நட்பதிகாரங்களை மீண்டும் படித்தோம். 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள். அவை இருப்பது பொருட்பாலில், அரசும் அமைச்சும் படையும் பேசப்படும் பகுதியில். வள்ளுவருக்கு நட்பு அந்தரங்கமான மனநிறைவு மட்டுமன்று. ஒரு மனிதனைப் பொதுவாழ்வில் தாங்கிநிற்கும் உறுப்பு. உடனிருப்பதும் பழகுவதும் வேண்டா, உணர்வு ஒத்திருந்தால் அதுவே நட்பின் கிழமையைத் தரும் என்ற கருத்து 79ஆம் அதிகாரத்தில் வருகிறது. கிழமை என்றால் உரிமை. அந்தக் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் எடுத்துக்காட்டுகிறார். உடன் உயிர் நீங்கும் உரிமை என்ற அளவுக்கு அவர் அதைக் கொண்டுபோகிறார்.

உறையூர்ச் சோழன் வடக்கிருந்தபோது, பாண்டிய நாட்டுப் பிசிரூரிலிருந்து, முன்பின் பாராத ஆந்தையார் வந்து சேர்ந்தார். வருவார் என்று அரசன் முன்பே இடம் ஒதுக்கிவைக்கச் சொல்லியிருந்தான். புறநானூற்றில் அந்நிகழ்வைச் சுற்றிப் பல பாடல்கள் இருக்கின்றன. பாரதிதாசன் இந்த நட்பை நாடகமாக்கினார். அந்நூலுக்கு 1969இல் அவர் மறைவுக்குப்பின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நாம் கவனிக்கத் தவறுகிற ஒன்று உண்டு. பிசிராந்தையார் நம்மைப் போலத் தனியாள் அல்லர். தமக்கு நரை தோன்றாததற்குக் காரணமாக மாண்புள்ள மனைவியையும் மக்களையும் முதலில் சொன்னவர் அவர். குடும்பம் நிறைந்திருந்தவர் அவர். இல்லாத குறைக்கு நட்பைத் தேடவில்லை. அதேபோல, உடன் உயிர்விட முன்வந்த பொத்தியாரை, மனைவி மகவு ஈன்றபின் வா என்று அரசன் திருப்பியனுப்பினான். அவரும் திரும்பிவந்து நடுகல்லின் முன் தமக்கு இடம் கேட்டார். குடும்பத்தின் உரிமை ஒருபுறம், நட்பின் உரிமை மறுபுறம், இரண்டும் ஒன்றையொன்று அழிக்காமல் நின்றன. நட்புக்கு ஓர் இடம், சொல்லிவைத்த இடம் இருந்தது. நமக்கு ஒரு படிவத்தில் ஒரு கட்டம் இல்லை.

மறுதரப்பும் சொல்லப்படவேண்டும். நண்பர் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், அதை எப்படிச் சோதிப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தனியாளின் சேமிப்பைக் குறிவைத்து நண்பராகிறவர்களும் உலகில் உண்டு. தீ நட்புக்கும் கூடா நட்புக்கும் வள்ளுவரே இரண்டு அதிகாரங்கள் ஒதுக்கியிருக்கிறார். ஆனால் இரத்த உறவும் அதே சோதனையில் எப்போதும் தேறியதில்லை என்பதைச் சொத்து வழக்கு நடக்கும் எந்த நீதிமன்றத்திலும் காணலாம். உறவு மட்டும் ஏன் சோதனையின்றி உள்ளே விடப்படுகிறது?

சட்டம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம், நெருங்கிய உறவினர் அல்லாதவரும் அன்பினாலும் பற்றினாலும் உறுப்புத் தானம் செய்யலாம் என்கிறது, ஒரு குழு ஆராய்ந்து ஒப்புதல் தந்தால். சிறுநீரகத்தையே தர முன்வரும் நட்பை நிரூபித்துக் காட்டச் சொல்கிறது என்றாலும், அப்படியொன்று உண்டு என்றாவது ஏற்றுக்கொள்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் ஓரடி முன்னே வைக்கிறது. தனக்கு நோய் வந்தால் தன் சார்பில் பேச வயதுவந்த ஒருவரை முன்கூட்டியே நியமிக்கலாம், அவர் உறவினராக இருந்தாக வேண்டும் என்பதில்லை. மனத்துக்கு வழங்கப்பட்ட இந்த உரிமை உடலுக்கும் ஏன் இருக்கக்கூடாது? நல்ல நினைவோடு இருக்கும் நாளில் ஒருவர் பெயரை எழுதிவைக்கவும், அந்தப் பெயர் எந்த மருத்துவமனை வாசலிலும் செல்லுபடியாகவும் வழி வேண்டும். நாம் கேட்பது இவ்வளவே.

பழியைப் படிவத்தின்மேல் மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளவும் நமக்கு விருப்பமில்லை. பதினாறு ஆண்டுகளில் அண்ணாச்சியிடம் நாம் ஒருமுறையேனும் இரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதில்லை. அவர் தம்பியின் எண்ணையே அன்று அவர் சட்டைப்பையில் இருந்த சிறு குறிப்பேட்டில் தேடி எடுத்தோம். தனியாட்களின் நட்பில் ஒரு வசதியான சோம்பல் உண்டு. சேர்ந்து சிரிப்போம், சேர்ந்து படிப்போம், ஆனால் ஒருவர் சுமையை ஒருவர் கேட்டுக்கொள்வதில்லை. அந்தக் கௌரவமான தூரத்துக்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்திருக்கிறோம். உரிமை வேண்டுமென்றால் கடமையை முதலில் எடுத்துக்கொள்ளவேண்டும். வாசகர்களில் தனித்து வாழ்பவர்கள் இருப்பின், இந்தக் கோடைக்குள் ஒரு நண்பரை அழைத்து, ‘எனக்கு ஏதாவது ஆனால் நீங்கள்தான்’ என்று சொல்லிவிடுமாறு வேண்டிக்கொள்கிறோம். சொல்வதற்குக் கூச்சமாக இருக்கும். காதலைச் சொல்வதைவிடக் கூச்சமாக இருக்கும். நாம் சொல்லிப் பார்த்துத்தான் எழுதுகிறோம்.

வங்கிக் கணக்குக்கு வாரிசாக யார் பெயரையும் நியமிக்கலாம். சென்ற ஆண்டு அந்தப் படிவத்தில் அண்ணாச்சியின் பெயரை எழுதினோம். நம்மைவிட வயதில் மூத்தவரை, பாதி செயலிழந்தவரை எழுதுகிறீர்களே என்று அங்கிருந்த பெண் அக்கறையோடு கேட்டார். அதுவும் சரியே. எனினும் மாற்றவில்லை. ‘உறவு’ என்ற கட்டத்தில், இம்முறை எவரும் திருத்தச் சொல்லாததால், ‘நண்பர்’ என்றே எழுதினோம். ஒற்றை ஆளாகிய நாம் ‘நாம்’ என்று எழுதுவதற்கான சொந்தக் காரணமும் அதுவே.

சென்னையின் கோடையில் எல்லாரும் காத்திருப்பது கடற்காற்றுக்காக. நண்பகலை ஒட்டி அது வந்துவிட்டால் அன்று தப்பித்தோம், பிந்தினால் வெயில் ஏறிக்கொண்டே போகும். அண்ணாச்சி ஒவ்வொரு மாலையும் அழைக்கிறார். நாற்பது ஆண்டுகள் பிறர் எழுத்துகளைத் திருத்தியவரின் பேச்சில் இப்போது எழுத்துகள் இடம் மாறுகின்றன, சில உதிர்ந்தும் போகின்றன. நாம் திருத்துவதில்லை. ஆனி பிறந்தால், அங்கே சாரல் விழத் தொடங்கிவிட்டதைச் சொல்வார். பிறகு நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, எல்லா நாளும் கேட்பதைக் கேட்பார்.

‘என்னவே, காத்து வந்துட்டா?’

வந்துவிட்டது அண்ணாச்சி என்கிறோம். வராத நாட்களிலும் அப்படியே சொல்கிறோம்.